39.4 சதவீதம் எதற்குச் சான்று?

இந்தியாவின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14இல் 64.2 சதவீதம்; 2021-22இல் 39.4. தேசிய சுகாதாரக் கணக்குகள் தரும் இந்த இறக்கத்தைக் காட்டி, மருத்துவச் செலவிலிருந்து மக்கள் காக்கப்படுகிறார்கள் என்கிறார்கள். அந்த முடிவுக்கு இந்தச் சான்று போதாது.

இது ஒரு விகிதம். மக்கள் செலவு குறைந்தாலும் இறங்கும். மொத்தச் செலவு பெருத்தாலும் இறங்கும். 2021-22 கொரோனாக் காலம். தடுப்பூசிக்கும் சிகிச்சைக்கும் அரசு கொட்டிய பணம் மொத்தத்தை ஏற்றிவிட்டது. ஒரு குடும்பம் டயாலிசிசுக்குக் கட்டிய தொகை பைசா குறையாமலே அதன் ‘பங்கு’ சுருங்கிவிடும்.

அடித்தளத்திலும் கோளாறு இருக்கிறது. 2016-17இல் 58.7 ஆக இருந்த பங்கு, அடுத்த ஆண்டே 48.8க்கு விழுந்தது. அந்த ஆண்டில்தான் கணக்கு தேசிய மாதிரி ஆய்வின் 71ஆம் சுற்றிலிருந்து 75ஆம் சுற்றுக்கு மாறியது. 2014இல் நடந்த 71ஆம் சுற்றில், முந்தைய 15 நாளில் உடம்பு சரியில்லை என்றவர்கள் கிராமங்களில் 8.9 சதவீதம், நகரங்களில் 11.8. 75ஆம் சுற்றில் அது 6.8, 9.1. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பெருகும் நாட்டில் நோய் ஏறத்தாழ கால் பங்கு குறைந்துவிட்டதாம்! நோய் இல்லை என்பவரிடம் வெளிநோயாளிச் செலவு எதுவும் பதிவாவதில்லை.

அரசின் பங்கு உயர்ந்தது பொய்யல்ல. ஆனால் பாதுகாப்பைக் குடும்பத்தின் வாசலில் நின்றுதான் அளக்க வேண்டும். அப்படி அளக்க வந்ததுதான், மொத்த வீட்டுச் செலவில் 10 சதவீதத்தை மருத்துவம் தாண்டினால் பேரிடர் என்ற ஐ.நா. அளவுகோல். அதிலும் ஓட்டை பெரிது. மாதம் 12,000 ரூபாயில் ஓடும் வீடு மாத்திரைக்கு 1,000 கொடுத்தால் அது 8.3 சதவீதம், ஆகவே பத்திரம். லட்ச ரூபாய் செலவழிக்கும் வீடு பல் சீரமைப்புக்கு 12,000 கொடுத்தால் பேரிடர். 2025இல் வந்த திருத்தம் இதைப் பெரிதும் சரிசெய்கிறது. வறுமைக்கோட்டளவு பணத்தை ஒதுக்கிவிட்டு, எஞ்சியதில் 40 சதவீதத்தை மருத்துவம் விழுங்குகிறதா என்று அது பார்க்கிறது. எஞ்சுவதே இல்லாத வீட்டில் ஒரு ரூபாய் செலவானாலும் கணக்கில் வரும். கையில் உள்ள அளவுகோல்களில் இதுவே சிறந்தது.

ஆனாலும் இதைத் தனியே நம்ப முடியாது. பணம் இல்லாமல் ஆஸ்பத்திரிக்கே போகாதவரின் செலவு பூஜ்யம். இந்த அளவுகோலில் அவர்தான் முழுப் பாதுகாப்பு பெற்றவர். கூலி இழந்த நாட்களும் அடகு வைத்த நகைக்குக் கட்டும் வட்டியும் இந்தக் கணக்கில் ஏறுவதில்லை. முதலமைச்சர் காப்பீடும் ஆயுஷ்மான் பாரத் காப்பீடும் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த பிறகே கைகொடுக்கின்றன; மாதாமாதம் மருந்துக்கடையில் கரையும் காசுக்கு அவற்றில் இடமில்லை.

சிகிச்சை பெறாததற்குக் காரணம் என்ன, ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கடன் வாங்கினீர்களா என்ற கேள்விகளை மாதிரி ஆய்வு ஏற்கெனவே கேட்கிறது. அந்த விடைகளை 40 சதவீதக் கணக்கோடு ஒரே பக்கத்தில் அச்சிட வேண்டும். 39.4ஐ அரசு செலவு பற்றிய அத்தியாயத்துக்கு மாற்றிவிடலாம்.