வில்லங்கம் பார்த்தாச்சா?

நண்பர் ஒருவர் போன் பண்ணினார். குரலில் கலக்கம்.

"பொண்ணு மேல்படிப்புக்கு அமெரிக்கா போறேங்கிறா..."

"நல்ல விஷயம்தானே சார்?"

"அங்க போய் அமெரிக்காவையே படிக்கப் போறாளாம். அமெரிக்கன் ஸ்டடீஸ். கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கதை, கொஞ்சம் சினிமா. இதுக்கெல்லாம் பட்டமா?"

நான் பி.காம். டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆக வேண்டும் என்பதைத் தாண்டி அந்தப் படிப்பு என் தலையில் எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனாலும் நண்பருக்குப் பதில் சொல்ல வேண்டுமே! இந்தத் துறைக்கு அஸ்திவாரம் போட்ட புத்தகங்களில் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். ஹென்றி நாஷ் ஸ்மித் எழுதி 1950-ல் வெளிவந்த 'வர்ஜின் லேண்ட்'. கன்னி நிலம்.

ஸ்மித், ஹார்வர்டில் 'அமெரிக்க நாகரிக வரலாறு' என்ற புதுப் படிப்பில் 1940-ல் முதல் டாக்டர் பட்டம் வாங்கியவர். வரலாற்று வாத்தியார் நாவலைத் தொடமாட்டார். இலக்கிய வாத்தியார் நிலச் சட்டத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். இந்த ரெண்டு வகுப்புக்கும் நடுவே இருந்த சுவரை இடித்ததுதான் இந்தப் படிப்பு.

ஜனங்கள் ஏன் கூட்டம் கூட்டமாக மேற்கே போனார்கள்? இதற்கு விடை தேடி நாடாளுமன்றப் பேச்சுகளைப் படிக்கிறார் ஸ்மித். கவிதை படிக்கிறார். பத்து சென்ட் சாகச நாவல்களையும் விடவில்லை. நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் தொங்குமே, அந்த மாதிரி சரக்கு.

புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடம், மழை பற்றியது. 1862-ல் ஒரு சட்டம் வந்தது. அஞ்சு வருஷம் குடியிருந்து பயிர் வைத்தால் 160 ஏக்கர் உங்களுக்கு. ஆனால், மேற்கே போகப் போக வானம் பொய்க்கிற பூமி. 'கவலைப்படாதே, நீ ஏர் பிடித்தால் மழை தானாகப் பின்னால் வரும்' என்று ஒரு சித்தாந்தம் கிளம்பியது. படித்தவர்களே நம்பினார்கள். வறண்ட பகுதியில் மேய்ச்சலை நம்பிப் பிழைக்க 2,560 ஏக்கராவது வேண்டும் என்று 1878-ல் ஜான் வெஸ்லி பவல் அறிக்கையே கொடுத்தார். எடுபடவில்லை. மழைக் கணக்கைக் கனவு ஜெயித்துவிட்டது. பொருளாதாரம் மட்டும் படித்தவருக்கு அந்தக் கனவு கண்ணில் படாது. இலக்கியம் மட்டும் படித்தவருக்கு அந்த 160 ஏக்கர் கண்ணில் படாது. ரெண்டையும் ஒரே மேஜையில் வைத்தார் பாருங்கள், அதற்காகவே ஸ்மித்துக்கு ஒரு சலாம்.

ஆனால், கணக்கு டேலி ஆகவில்லை.

கன்னி நிலமாம்! அங்கே ஏற்கெனவே ஜனங்கள் இருந்தார்களே? புத்தகத்தில் பழங்குடிகள் வராமல் இல்லை. சாகச நாவல்களில் வில்லன்களாக வருகிறார்கள். நிலத்தின் சொந்தக்காரர்களாக வருவதில்லை.

ரெண்டு தேதி சொல்கிறேன். 1862 டிசம்பர் 26: மினசோட்டா மாநிலம் மன்காட்டோ ஊரில் 38 டகோட்டா பழங்குடியினரை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். 1863 ஜனவரி 1: அந்த 160 ஏக்கர் சட்டம் அமலுக்கு வந்தது. நடுவில் ஒரு வாரம்கூட இல்லை. ஸ்மித் இந்தப் புத்தகத்தை வெளியிட்டபோது வேலை பார்த்ததே மினசோட்டா பல்கலைக்கழகத்தில்தான். அங்கிருந்து மன்காட்டோ, ரெண்டு மணி நேரத்துக்குள் காரில் போய்விடலாம். ஒரு கனவைப் பிரித்துக் காட்ட வந்தவர், தானும் அதே கனவுக்குள் இருந்தே எழுதிவிட்டார். சுவரை இடித்தால் மட்டும் போதாது போலிருக்கிறது. இடித்த பிறகு எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதும் இருக்கிறது.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் இந்தப் புத்தகத்தைக் கிழி கிழி என்று கிழித்தார்கள். 1986-ல் வெளிவந்த ஒரு கட்டுரையில், பழங்குடிகளுக்கு நேர்ந்ததைத் தான் கண்டுகொள்ளாமல் விட்டதை ஸ்மித்தே ஒப்புக்கொண்டார். புத்தகம் வந்து முப்பத்தாறு வருஷம் கழித்து! தன் முதல் பாடப்புத்தகத்தைத் தானே திருத்தத் தெரிந்த படிப்பு மட்டமான படிப்பாக இருக்க முடியாது.

நண்பருக்கு இப்படித்தான் பதில் சொன்னேன்: "சார், போன வருஷம் செங்கல்பட்டு பக்கம் மனை வாங்கும்போது என்ன பண்ணீங்க? புரோக்கர் 'காலி மனை'ன்னு சொன்னதை நம்பிப் பணம் கட்டிட்டீங்களா? முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தீங்கல்ல? உங்க பொண்ணு ஒரு நாட்டுக்கே வில்லங்கம் பார்க்கப் படிக்கப் போறா. போயிட்டு வரட்டும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்:

"அப்ப நம்ம நாட்டுக்கு யாருய்யா பார்க்கிறது?"

இதற்கு என் பி.காமில் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?