தனி ஒளிவழியும் தொடர்நாடகத் தமிழும்: ஆங் மோ கியோவை முன்வைத்து ஒரு பார்வை

சிங்கப்பூர்த் தமிழ்த் தொலைக்காட்சியைப் பற்றிய உரையாடல்கள் பெரும்பாலும் ஒளிபரப்பு நேரத்தின் அளவோடு நின்றுவிடுகின்றன. கிடைத்த நேரத்தில் பேசப்படும் தமிழ் எத்தகையது, நாடகத்தில் அது என்ன பணி செய்கிறது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுகின்றன. ஆங் மோ கியோ போன்றதொரு குடியிருப்பு நகரை மனத்திற்கொண்டு அவ்வினாக்களை அணுக இக்கட்டுரை முற்படுகிறது.

சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963 பிப்ரவரி 15ஆம் நாள் சோதனை ஒளிபரப்பாகத் தொடங்கியது. அவ்வாண்டு நவம்பரில் இரண்டாவது ஒளிவழி வந்தபோது, மலாயும் ஆங்கிலமும் ஐந்தாம் ஒளிவழியிலும், சீனமும் தமிழும் எட்டாம் ஒளிவழியிலும் இடம்பெற்றன. 1990களின் நடுவில் தமிழ் பன்னிரண்டாம் ஒளிவழிக்கு மாறியது. 2000 ஜனவரி 30இல் தொடங்கிய சென்ட்ரலில், சிறுவர் நிகழ்ச்சிகளோடும் கலை நிகழ்ச்சிகளோடும் இடத்தைப் பகிர்ந்துகொண்டு 'வசந்தம் சென்ட்ரல்' இயங்கியது. 2008 அக்டோபர் 19ஆம் நாள் வசந்தம் தனி ஒளிவழியாயிற்று. தமிழ் தனக்கென ஓர் ஒளிவழியைப் பெற 45 ஆண்டுகள் ஆயின.

இதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. உள்ளூர் எழுத்தாளரும் நடிகரும் தொடர்ந்து இயங்குவதற்கு ஒரு களம் அமைந்தது. எனினும் ஓர் இழப்பையும் நாம் கருதவேண்டும். எட்டாம் ஒளிவழியைப் பகிர்ந்திருந்த காலத்தில், சீன நிகழ்ச்சிக்காகக் காத்திருந்த அண்டை வீட்டாரின் காதிலும் தமிழ் விழுந்தது. தனி ஒளிவழியில் தேடி வருவோர் மட்டுமே பார்வையாளர். பிறர் காதில் விழாத மொழி, தனக்குள்ளேயே பேசிக்கொள்ளும் பழக்கத்திற்கு எளிதில் ஆட்படும்.

இப்பழக்கத்தைத் தொடர்நாடகங்களில் காண்கிறோம். ஆங் மோ கியோ புதுநகரின் கட்டுமானம் 1973இல் தொடங்கியது. சிராங்கூன் சாலை, செம்பவாங் கடற்படைத் தளம் முதலிய இடங்களில் செறிந்து வாழ்ந்த தமிழர், இத்தகைய நகர்களின் அடுக்குமாடிகளில் பரவலாயினர். 1989இல் நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை ஒவ்வொரு புளோக்கிலும் எல்லா இனத்தவரும் கலந்து வாழ வழிவகுத்தது. ஆயினும் நம் நாடகங்கள் பலவற்றில் மின்தூக்கியில் எதிர்ப்படுபவர், அலுவலக மேலாளர், காப்பிக் கடைக்காரர் எனப் பலரும் தமிழராகவே அமைகின்றனர். காவல்துறையைக் களமாகக் கொண்டு 2010இல் வெளிவந்த 'வேட்டை', கதையைக் குடும்பக் கூடத்திலிருந்து வெளியே கொணர்ந்த வகையில் குறிப்பிடத்தக்கது. ஆனால் பணியிடம் தமிழிலேயே இயங்கும் என்னும் மரபை அத்தகைய நாடகங்களும் கைவிடவில்லை.

மேடையில் அரசனும் சேவகனும் ஒரே தமிழ் பேசுவதை நாம் ஏற்பதுபோல், இதையும் ஒரு நாடக வழக்காக ஏற்கலாமே எனக் கேட்கலாம். ஏற்கலாம். ஆனால் இவ்வழக்கு முதன்மையானதொன்றை மறைத்துவிடுகிறது. பாட்டி தமிழில் கேட்கிறார். பேரன் ஆங்கிலத்தில் விடையளிக்கிறான். தமிழர் ஒருவர் எந்த நொடியில், எவர்முன், எதற்காக மொழி மாறுகிறார் என்பதே இந்நகரின் உண்மையான நாடகம். வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் குடியிருப்பாளர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2.5 விழுக்காடு. ஆங்கிலம் அதே காலத்தில் 32.3இலிருந்து 48.3 விழுக்காடாக உயர்ந்தது.

இங்கு வேல்ஸ் நாட்டின் அனுபவம் ஒப்புநோக்கத்தக்கது. பி.பி.சி.யிலும் வணிக ஒளிவழியிலும் சிதறிக் கிடந்த வேல்ஸ்மொழி நிகழ்ச்சிகளுக்குத் தனி ஒளிவழி தருவதாகக் கூறிய பிரிட்டிஷ் அரசாங்கம் பின்வாங்கியபோது, 1980இல் குவின்ஃபோர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாநோன்பு இருக்கப்போவதாக அறிவித்தார். அரசாங்கம் இணங்கியது, எஸ்4சி 1982 நவம்பர் 1இல் பிறந்தது. அதன் வழியே 2013இல் வெளிவந்த துப்பறியும் தொடர், ஒவ்வொரு காட்சியும் வேல்ஸ் மொழியில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையுமாகப் படமாக்கப்பட்டது. ஆங்கில வடிவம் 'ஹின்டர்லேண்ட்' எனப் பரவலாக அறியப்பட்டது. சிறுமொழியின் படைப்பை உலகச் சந்தைக்குக் கொண்டுசென்ற திறமான வழி அது. எனினும் அது ஓர் அளவுகோலையும் நமக்குத் தருகிறது: ஒரு காட்சியை அப்படியே ஆங்கிலத்தில் மீண்டும் எடுத்தால் நாம் எதை இழப்போம்? எதையும் இழக்கவில்லையெனில், அக்காட்சியில் தமிழ் வெறும் உடையே. அத்தகைய நாடகத்தை விட்டு ஆங்கிலத் தொடருக்குச் செல்லும் இளையரைக் குறைகூற நமக்கு நியாயமில்லை.

இது தமிழாசிரியருக்கும் உரிய சிக்கலாகும். 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வு, தரமான பேச்சுத்தமிழை வகுப்பறைக்குள் கொணரப் பரிந்துரைத்தது. அப்பேச்சுத்தமிழை வாழும் சூழலில் காட்டவல்ல உள்ளூர்ச் சான்றுகளுள் தொலைக்காட்சி நாடகம் முதன்மையானது. செய்தித் தமிழின் விறைப்பும் தமிழகத் திரைப்படத்தின் வட்டார வழக்கும் நம் மாணவரின் நாவில் இயல்பாக அமர்வதில்லை.

ஆகவே ஒளிபரப்பு நேரத்தை மிகுதியாக்குக என்பதோடு நம் கோரிக்கை நிற்கலாகாது. மலாயும் சீனமும் ஆங்கிலமும் ஒலிக்கும் நடைவழியில் தமிழ் எங்கே தயங்குகிறது, எங்கே உரிமையோடு எழுகிறது என்பதைக் கேட்டு எழுதும் நாடகங்கள் வேண்டும். பிறமொழி ஒலிப்பதனால் தமிழ் மாசுபடும் என அஞ்சவேண்டியதில்லை. மற்ற மொழிகளுக்கு நடுவே தமிழைத் தேர்ந்து பேசும் பாத்திரமே, தமிழ் ஏன் வேண்டும் என்பதை மாணவருக்கு உணர்த்தும் என்பது நம் துணிபு.