சிறுதேரும் திரைத்தேரும்: பொம்மைக் கார் விளையாட்டொன்று பற்றிய சில குறிப்புகள்

விளையாட்டுப் பொருளை ஆக்குபவர் ஒருவர், அதைக் கொண்டு ஆடுபவர் இன்னொருவர் என்னும் பிரிவு பழமையானது. உழவர் வீட்டுப் புதல்வர் உருட்டிய சிறுதேரைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, தச்சரின் பிள்ளைகளும் விரும்பும் வண்ணம் அது செய்யப்பட்டிருந்தது என்கிறது. தேரின் வனப்பைச் சிறப்பிப்பதே புலவரின் நோக்கம். ஆயினும் செய்தவன் வீட்டுப் பிள்ளை விரும்பி நிற்க, மற்றொரு வீட்டுப் பிள்ளை உருட்டும் சமூக உண்மையும் அப்புகழ்ச்சியினூடே புலப்படுகின்றது.

இப்பிரிவை நீக்குவதாகத் தோற்றந்தரும் நவீன விளையாட்டுகளுள் ஒன்று, 2021 செப்ரெம்பரில் வெளியான 'ஹொட் வீல்ஸ் அன்லீஷ்ட்' ஆகும். அமெரிக்காவின் மற்றெல் நிறுவனம் 1968இல் சந்தைக்குக் கொணர்ந்த உலோகப் பொம்மைக் கார்களைக் கருவாகக் கொண்டு, இத்தாலியின் மைல்ஸ்ரோன் நிறுவனம் பிளேஸ்ரேஷன், எக்ஸ்பொக்ஸ் முதலிய வீட்டுக் கருவிகளுக்காக இதனை ஆக்கியது. ஆடுபவர் காரின் நிறத்தையும் மேற்பூச்சையும் மாற்றலாம், சித்திரங்கள் பதிக்கலாம், ஓட்டத்தடத்தைத் துண்டு துண்டாகப் பொருத்தித் தாமே அமைத்துப் பிறருடன் பகிரலாம். இத்தடம் அமைக்கும் பகுதி உண்மையான படைப்புச் செயலுக்கு இடந்தருவது என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

ஆனால் காரைப் பெறும் முதன்மையான முறை வேறு. பந்தயங்களில் ஈட்டும் நாணயங்களைக் கொடுத்து, உள்ளிருப்பது இன்னதென அறியாத மூடிய பெட்டிகளை வாங்குவதே அது. முன்னரே உள்ள கார் மீண்டும் கிடைப்பின் அதனைக் கழற்றி, வேறொரு காரின் தரத்தை உயர்த்தலாம். அந்நாணயங்கள் மெய்ப்பணம் அல்ல. எனினும் மேலதிகக் கார்கள் மெய்ப்பணத்துக்கும் விற்கப்பட்டன. அலங்காரத்திலே சுதந்திரம், உடைமையிலே அதிர்ஷ்டம் என்பதே இங்கு நிலவும் ஒழுங்கு. பண்டச் சந்தையின் பழக்கம் விளையாட்டாகப் பயிற்றப்படுகின்றது எனலாம்.

திரையிலே கார்களின் உடலிற் கீறல்களும் விரலடையாளங்களும் நுணுக்கமாகக் காட்டப்படுகின்றன. ஆயின் விரலுக்குரிய குழந்தையை எங்கும் காணோம். மலேசியாவின் பினாங்குத் தொழிற்சாலையில் இப்பொம்மைகளை உருவாக்கும் தொழிலாளரின் கையும் தோன்றுவதில்லை. கையின் தடம் அழகாக எஞ்ச, கை மறைந்துவிடுகின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அனுபவம் இவ்விடத்து மனங்கொளத்தக்கது. குரும்பட்டியையும் ஈர்க்கையும் கொண்டு தேர் கட்டியும், நுங்கெடுத்த கோம்பையிற் தடி செருகி வண்டில் உருட்டியும் விளையாடிய சிறுவரிடத்து ஆக்குநரும் ஆடுநரும் ஒருவரே. ஹொட் வீல்ஸ் பிறந்த அதே 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலினுள் நுழையும் உரிமைக்காக ஒடுக்கப்பட்ட மக்கள் போராடினர். பெருந்தேரை அணுக மறிக்கப்பட்டோரின் பிள்ளைகளும் குரும்பட்டித் தேரைத் தாமே கட்டிக்கொள்ளலாம். அதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை.

இதனைப் பொற்காலமாகப் போற்றுவது தவறு. 1990இன் பின் மின்சாரமும் பெற்றோலும் பற்றரியும் தடைப்பட்ட குடாநாட்டிலே பழைய ஏ40, மொரிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரத்தை மாற்றியமைத்த அத்திறன் பெரிது. அதனை வேண்டிநின்ற நிலைமையோ கொடிது. 1994 டிசெம்பரில் முதலாவது பிளேஸ்ரேஷன் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது இங்கு ஜாம் போத்தல் விளக்குகளே எரிந்தன. வறுமையாலும் தடையாலும் பிறந்த கைவினையை இலட்சியமாக்குவது, அவற்றை விதித்தோரை மறப்பதாகும்.

எனவே, திரை விளையாட்டை அந்நியமானதென ஒதுக்குவதோ, புதுமையென வியந்து நிற்பதோ திறனாய்வின் பணியன்று. ஆக்கும் ஆற்றலில் எத்துணைப் பங்கு ஆடுபவரைச் சேர்கின்றது என்பதே உரிய அளவுகோல். அவ்வாறு நோக்கின், இவ்விளையாட்டிலே தடம் குழந்தையுடையது. காரும் விதியும் நிறுவனத்தினுடையவை. கொடோ போன்ற, விலையின்றிக் கிடைக்கும் விளையாட்டாக்க மென்பொருள்கள் இன்று உள்ளன. அவற்றை நம் கிராமப் பாடசாலை மாணவர் கையாளக் கற்பாராயின் விதியை வகுப்பதும் அவர்க்கு இயலும். தச்சரின் பிள்ளை விரும்பி நின்ற நிலை மாறுவதற்கு அக்கல்வி இன்றியமையாதது.