கோப்பைக்கு முன் காது

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்கு மாலையில் நடக்க வருபவர்களோடு பக், ஹஸ்கி, லேப்ரடார் என்று அயல்நாட்டு நாய்கள் வரிசையாக வருகின்றன. ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ கண்ணில் படுவது அரிது. இத்தனைக்கும் இந்திய கென்னல் கிளப்பின் தலைமையகம் இதே சென்னையில்தான் இருக்கிறது. 1976இல் தொடங்கிய மெட்ராஸ் கேனைன் கிளப் நடத்தும் கண்காட்சிகளில் நாட்டு இனங்களும் களம் இறங்குகின்றன. இந்த இனங்களைக் காப்பாற்றக் கண்காட்சியே வழி, சாம்பியன் பட்டம் பெற்ற ஆண் நாயிடம் குட்டி எடுப்பதே சரியான வளர்ப்பு என்ற நம்பிக்கை நாய் வளர்ப்போரிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி, காப்பாற்ற நினைக்கும் இனத்தையே சிறுகச் சிறுகக் கெடுக்கக்கூடியது.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிட வேண்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நான்கும் வேலைக்காக வளர்ந்தவை. முயலை விரட்டிப் பிடிப்பதும் தோட்டத்தைக் காப்பதும் அவற்றின் பிழைப்பு. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அது நியாயமான சட்டம். ஆனால் வேட்டையோடு, எந்த நாய் நல்ல நாய் என்று சொல்லிவந்த தேர்வுக்களமும் போயிற்று. அந்த வெற்றிடத்தைக் கண்காட்சி ஓரளவு நிரப்பியது. அதுவரை வளர்ப்பவரின் நினைவில் மட்டும் இருந்த பரம்பரை, பதிவேட்டுக்கும் மைக்ரோசிப்புக்கும் வந்தது. மதிப்பும் கூடியது. 2005இல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் இந்த நான்கு இனங்களும் இடம்பெற்றன. கர்னாலில் உள்ள தேசியக் கால்நடை மரபு வளப் பணியகமும் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிந்தது. பெயரும் பதிவும் இல்லாத இனத்துக்காக யாரும் வாதாட முடியாது. அந்த அடித்தளத்தை அமைத்ததில் கண்காட்சிக்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

சிக்கல், கண்காட்சி எதைப் பார்க்கிறது என்பதில் இருக்கிறது. நடுவர் பல்லைப் பார்க்கிறார், முதுகைத் தடவுகிறார், ஒரு சுற்று ஓடவிட்டு நடையைக் கவனிக்கிறார், இனத்துக்கென எழுதிவைத்த வரையறையோடு ஒப்பிட்டுச் சான்றிதழ் தருகிறார். வெவ்வேறு நடுவர்களிடம் போதிய சான்றிதழ்கள் சேர்ந்தால் நாய் சாம்பியன். எல்லாமே கண்ணால் நடக்கும் தேர்வு. ராஜபாளையத்தை எடுத்துக்கொள்வோம். மாசற்ற பால்வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் அதன் அடையாளங்களாகப் போற்றப்படுகின்றன. புள்ளியோ செம்பட்டையோ கலந்து பிறக்கும் குட்டிக்கு மதிப்பில்லை. ஆனால் தோலுக்கு நிறம் தரும் செல்களுக்கு உட்காதிலும் வேலை உண்டு. அங்கே அவை இல்லாமற்போனால், ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே மடிந்துவிடும். வெள்ளையை மட்டுமே தேடித் தேடிச் சேர்த்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது தற்செயல் அல்ல. இரண்டு காதும் கேளாத குட்டியை வளர்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். ஒரு காது மட்டும் கேளாத நாய் எல்லா நாயையும் போலவே நடந்துகொள்ளும். கயிற்றைப் பிடித்திருப்பவரின் அசைவைப் பார்த்து ஓடும், கோப்பையும் வெல்லும், பிறகு ஊர் ஊராக இணைசேரவும் அழைக்கப்படும்.

டால்மேஷன் இனத்தின் வரலாறு இதை இன்னும் துல்லியமாகக் காட்டுகிறது. அமெரிக்க டால்மேஷன்களில் ஏறத்தாழ 100க்கு 30, ஒரு காதிலாவது கேளாதவை. பிறக்கும்போதே உடலில் பெரிய கறுப்புத் திட்டு இருக்கும் குட்டிகளுக்குச் செவிட்டுத்தன்மை குறைவு என்பதும் ஆய்வில் தெரிந்த செய்தி. ஆனால் அமெரிக்க வரையறைப்படி அந்தத் திட்டு இருந்தால் கண்காட்சியில் தகுதி நீக்கம். கேட்கும் திறனைத் தரும் அடையாளத்தையே விதி வெளியே தள்ளுகிறது. அரபுக் குதிரைகளில் வேறொரு பாடம். நோய் எதிர்ப்பாற்றல் இன்றிப் பிறந்து ஐந்து மாதத்துக்குள் இறக்கும் குட்டிகள் அந்த இனத்தில் உண்டு. தாயும் தந்தையும் அந்த மரபணுவைச் சுமந்தால்தான் நோய் வெளிப்படும். சுமக்கும் குதிரையோ பார்வைக்குக் குறையற்றது. உறைவிந்து கண்டம் விட்டுக் கண்டம் போகும் இந்தக் காலத்தில் புகழ்பெற்ற ஒரே பொலிகுதிரைக்கு நூற்றுக்கணக்கில் வாரிசுகள் பிறக்கலாம். 1997இல் மரபணுச் சோதனை வந்த பிறகுதான் அழகுக்குப் பின்னால் இருப்பதை இணைசேர்ப்பதற்கு முன்பே அறிய முடிந்தது. உலகெங்கும் பரவிய அரபுக் குதிரைக்கே இந்த நிலை என்றால், தென்தமிழகத்தின் சில வட்டாரங்களுக்குள் சுருங்கிவிட்ட நாய் இனத்தில் நான்கைந்து சாம்பியன்களிடமே எல்லோரும் குட்டி எடுத்தால் என்ன மிஞ்சும்?

வரையறையைத் தளர்த்தினால் இனமே கலைந்துவிடும் என்பார்கள். இந்த அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. லேப்ரடாரோடு கலந்த குட்டியை நாட்டு நாய் என்று விற்கும் சந்தை நம் கண்முன் இருக்கிறது. ஆனால் வேற்று இனத்தைக் கலப்பது வேறு, சொந்த இனத்துக்குள் இருக்கும் பன்மையை ஏற்பது வேறு. பசென்ஜி இனத்துக்கு மரபணு வளம் சுருங்கியபோது, அமெரிக்க கென்னல் கிளப் 1990இல் பதிவேட்டைத் திறந்து ஆப்பிரிக்கக் கிராமங்களிலிருந்து கொண்டுவந்த நாய்களைச் சேர்த்துக்கொண்டது. பசென்ஜி பசென்ஜியாகத்தான் இருக்கிறது. விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துச் சிற்றூர்களில் பதிவேட்டின் வாசனையே படாமல் வளரும் சிப்பிப்பாறைகளையும் கன்னிகளையும் ஆய்ந்து சேர்க்க நமக்கும் தடையில்லை. கிராமத்து வளர்ப்புமுறையே போதும், கண்காட்சியே வேண்டாம் என்போரும் உண்டு. அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பிடிக்காத நிறத்துக் குட்டியைக் கழித்துவிடும் பழக்கம் கிராமத்திலும் இருந்தது. வேட்டை என்ற தேர்வு அங்கும் இனித் திரும்பப்போவதில்லை.

செலவு என்ற தடையைச் சொல்வோருக்கும் பதில் உண்டு. செவித்திறனை உறுதியாகக் காட்டும் பெரா சோதனை, காது-மூக்கு-தொண்டை மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளுக்குச் செய்யும் அதே சோதனைதான். சில நிமிடங்களில் ஒவ்வொரு காதையும் தனித்தனியே சொல்லிவிடும். 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இயங்கும் நகரத்தில், கண்காட்சி நாளன்று ஒரு கருவியை மைதானத்துக்குக் கொண்டுவருவது பெருங்காரியமா? பிரிட்டனின் கென்னல் கிளப்பும் தானாக மாறிவிடவில்லை. 2008இல் பிபிசி ஆவணப்படம் ஒன்று இனத்தூய்மை நாய்களின் நோய்களை வெட்டவெளிச்சமாக்கிய பின்புதான், நெருங்கிய இரத்த உறவில் பிறந்த குட்டிகளைப் பதிய மறுத்தது. 2012இல் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் தத்தம் இனத்தில் முதலிடம் பெற்ற ஆறு நாய்கள் கால்நடை மருத்துவரின் சோதனையில் தேறாமல் அடுத்த சுற்றை இழந்தன. அங்கே அவமானம் வந்த பிறகு செய்ததை இங்கே முன்கூட்டியே செய்யலாம்: இரு காதும் கேட்கும் சான்று இல்லாத ராஜபாளையத்துக்குச் சாம்பியன் பட்டம் இல்லை, ஒரு ஆண் நாயின் பெயரில் ஆண்டுக்கு இத்தனை ஈற்றுக்கு மேல் பதிவு இல்லை. இந்த இரண்டு விதிகளையும் எழுத வேண்டிய அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது.