ஆளில்லாத ஆள்காட்டி

பறவைகளைப் படம் பிடிப்பது இன்று நம்மிடையே ஒரு பெரிய பொழுதுபோக்காகியிருக்கிறது. விடியுமுன்பே ஏரிக்கரைக்கு வந்து முக்காலி ஊன்றி நிற்பவர்கள் எங்கும் தென்படுகிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். பல வருஷங்களாக டெலிஃபோட்டோ லென்ஸைத் தோளில் சுமந்து திரிபவன். ஆகவே வெளியே நின்று கல்லெறிவது என் நோக்கமல்ல. ஆனால் இத்தனை படங்கள் வந்து குவிந்தும் இவற்றைப் பற்றிய விமர்சனம் என்று ஒன்று நம்மிடம் உருவாகவில்லை. 'என்ன துல்லியம்' என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. துல்லியம் கருவியின் குணம். பேனா நன்றாக எழுதுகிறது என்று சொல்லிவிட்டு, கவிதையை விமர்சித்துவிட்டதாக யாரும் நினைப்பதில்லை. படத்தின் விஷயத்தில் மட்டும் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த யந்திரம் என்ன செய்கிறது என்பதை முதலில் ஸ்தூலமாகவே பார்ப்போம். 35 மில்லிமீட்டர் ஃபிலிமின் அளவுள்ள சென்ஸார் கொண்ட காமிராவில் 600 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தி, 15 மீட்டர் தள்ளி இருக்கும் பறவையை நோக்கினால், அதற்குத் தெரியும் உலகத்தின் அகலம் 90 சென்டிமீட்டர்; உயரம் 60 சென்டிமீட்டர். எஃப் 4க்குத் திறந்து வைத்தால் கூர்மையாகப் பதியும் ஆழம் சுமார் 15 சென்டிமீட்டர். ஒரு சாண் கூட இல்லை. ஏரி, கரை, மரம், வானம் எல்லாவற்றிலிருந்தும் ஒரு மேஜைப் பலகை அளவுக்கு வெட்டி எடுத்து, மிச்சத்தை வண்ணக் கரைசலாக்கி விடுகிறது லென்ஸ். அந்தக் கரைசல் வழவழப்பாக இருந்தால் படம் உயர்ந்தது என்பது இன்றைய ரசனை. பின்னணியில் ஒரு முள், ஒரு காய்ந்த கிளை, ஒரு மின்கம்பம் தெரிந்துவிட்டால் படம் கெட்டுவிட்டது என்கிறார்கள்.

எது கெட்டது என்று நாம் கேட்பதில்லை. பறவை வாழும் இடம் தெரிந்துவிட்டது, அவ்வளவுதானே நடந்தது?

வேடந்தாங்கலை எடுத்துக்கொள்வோம். 18ம் நூற்றாண்டிலிருந்தே ஊரார் காத்து வரும் ஏரி அது. பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரமாகும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்து, நீர்க்கடம்பு மரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும்போது நாரைகள் கூடு கட்டுகின்றன. மழை, ஏரி, மரம், நாரை, வயல் எல்லாம் சேர்ந்த ஒரே சமாச்சாரம் இது. அங்கே எடுக்கப்படும் நத்தைகுத்தி நாரையின் படங்களில் நாம் காண்பது என்ன? அலகின் நடுவில் உள்ள இடைவெளி மிக நன்றாகத் தெரியும். கண்ணில் ஒளிப்புள்ளி தெரியும். நத்தை தெரியாது. நத்தை இருக்கும் சேறு தெரியாது. அந்தச் சேறு உள்ள வயலும் தெரியாது. ஆனால் பறவையின் பெயரே நத்தைகுத்தி. பெயர் வைத்தவன் அதன் அலகை வர்ணிக்கவில்லை. அது செய்யும் காரியத்தைச் சொன்னான்.

இது தற்செயல் அல்ல. மரங்கொத்தி, மீன்கொத்தி, ஈப்பிடிப்பான், தூக்கணாங்குருவி: நம் மொழியில் பல பறவைகளின் பெயர் ஒரு வினை. அந்த வினைக்கு ஒரு மரம், ஒரு மீன், ஒரு பனையோலை தேவைப்படுகிறது. வெறுங்கண்ணால், தள்ளி நின்று, நிலத்தோடு சேர்த்துப் பார்த்தவர்களின் பெயர்கள் இவை. தொல்காப்பியத்தின் கருப்பொருள் பட்டியலில் மரத்துக்கும் பறைக்கும் நடுவில்தான் புள் வருகிறது. பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. பழம்பெருமை பேசுபவர்களில் அநேகருக்கு வீட்டு வாசலில் கத்தும் பறவையின் பெயர் தெரியாது. ஒரு பறவையைத் தனியாகப் பிரித்து நிறுத்துவது இயல்பான பார்வை அல்ல, ஒரு தேர்வு என்று காட்டவே சொல்கிறேன். அந்தத் தேர்வை நமக்காக லென்ஸ் செய்துகொண்டிருக்கிறது. நாம் செய்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

இந்தப் பெயர்களில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது ஆள்காட்டி. திறந்த வெட்டவெளியில், தரையிலேயே முட்டையிடும் பறவை. ஆள் நெருங்கினால் எழுந்து பறந்து சுற்றிச் சுற்றிக் கத்தும். ஆங்கிலேயர் காதில் அந்தக் குரல் 'அவனா செய்தான்' என்கிற மாதிரி ஒரு கேள்வியாக விழுந்தது. நம்மவர்கள் அதை ஒரு செய்தியாகக் கேட்டார்கள்: ஆள் வருகிறான். பார்க்கப்படும் பறவையின் பெயருக்குள்ளேயே பார்க்கிற மனிதனும் இருக்கிறான். அவன் வந்ததால் ஏதோ மாறிவிட்டது என்கிற ஒப்புதல் இருக்கிறது.

இப்போது ஆள்காட்டியின் படம் ஒன்றைப் பாருங்கள். அலகு திறந்திருக்கிறது, இறக்கை விரிந்திருக்கிறது, கண் நேராக நம்மைப் பார்க்கிறது. 'என்ன உயிர்த்துடிப்பு' என்கிறோம். அந்தத் திறந்த அலகு படம் எடுத்தவனைப் பற்றியது. அவன் கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறான் என்பதுதான் அது சொல்கிற செய்தி. படத்தில் அவன் இல்லை, முட்டைகள் இல்லை, பறவைக்கும் அவனுக்கும் இடையேயுள்ள தூரம் இல்லை. வெயிலேறிய பொட்டலில் தாய்ப்பறவை தன் உடலால் முட்டைகளுக்கு நிழல் கொடுக்கிறது. வயிற்று இறகுகளை நீரில் நனைத்து வந்து அவற்றைக் குளிர்விக்கிறது. அது கத்திக்கொண்டு ஆகாயத்தில் சுற்றும் ஒவ்வொரு நிமிஷமும் முட்டைகள் வெயிலில் கிடக்கின்றன. படத்தின் அழகு அந்த நிமிஷங்களில் சம்பாதிக்கப்பட்டது. இதை ஒழுக்கப் பிரச்னை என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. இது பார்வையின் பிரச்னை. பார்க்கிறவன் இல்லாதது போலப் பாவனை செய்யும் படம் பொய் சொல்கிறது. கூட்டை மறைத்த இலைகளை விலக்கி எடுத்த படம், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைத்த பறவையின் படம், புழுவை வைத்து நட்ட குச்சியில் உட்காரவைத்த மீன்கொத்தியின் படம், எல்லாம் இதே பொய்யின் வேறு வேறு ரூபங்கள். கூட்டுப் படங்களைப் பல போட்டிகள் இன்று ஏற்பதில்லை. நல்லதுதான். ஆனால் விதி கையைத் தடுக்குமே தவிர ரசனையைத் திருத்தாது.

லென்ஸுக்கு எதிராக வழக்காடுவதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். சரித்திரத்தைப் பார்த்தால் பறவையை நெருங்க மனிதன் கையாண்ட கருவிகளில் இதுவே சாதுவானது. ஆடுபான் பறவைகளைச் சுட்டு, கம்பியால் நிமிர்த்தி வைத்து வரைந்தார். இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள் பொய்யாகச் செய்த மாட்டின் வயிற்றுக்குள் ஒளிந்துகொண்டு படமெடுத்தார்கள். எரிக் ஹாஸ்கிங் 1937ல் ஆந்தைக் கூட்டருகே ஒரு கண்ணையே இழந்தார். டெலிஃபோட்டோ லென்ஸ் தூரத்தில் நிற்கும் சௌகரியத்தைக் கொடுத்தது. தூரத்தில் நிற்பது மரியாதை. அந்த மரியாதையைக் கொடுத்த கருவியை வைத்துக்கொண்டே இன்னும் நெருங்கு, இன்னும் நெருங்கு என்று போவதுதான் விசித்திரம். பறவையை இனம் காண்பதற்கும், இறகின் வளர்ச்சியைக் குறித்துக்கொள்வதற்கும் நெருக்கப் படம் தேவை என்பது வாஸ்தவம். அது ஆவணம். ஆவணத்தைக் கலை என்று கொண்டாடும்போதுதான் குழப்பம் வருகிறது.

வேறு விதமான பார்வை நம்மிடம் இல்லாமலில்லை. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) வெவ்வேறு பாகங்களைத் தானே இணைத்து உருவாக்கிய காமிராவோடு காடுகளில் அலைந்தவர். கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தவர். 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950லிருந்து இறக்கும் வரை இயற்கை பற்றி எழுதிவந்தார், தமிழிலும் எழுதினார். அவர் யானையை எடுத்தால் காடும் கூட வருகிறது. காக்கையைப் பற்றி எழுதினாலும் அந்தத் தெரு வருகிறது. இன்றைய அளவுகோலில் அவர் படங்கள் சற்று மங்கல். பிராணி சற்றுச் சிறியது. ஆனால் அது எங்கே இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது என்பது பார்ப்பவனுக்குத் தெரிகிறது. வண்ணம் இல்லாததால் இறகின் நிறத்தைக் காட்டி நம்மை வாயடைக்க வைக்க அவரால் முடியாது. நடத்தையைத்தான் காட்ட வேண்டியிருந்தது.

இதை ஒரு கவிதைப் பத்திரிகையில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் புதுக்கவிதையில் படிமம் என்ற பெயரில் வருவதில் பெரும்பகுதி டெலிஃபோட்டோ படம்தான். ஒரு துளி, ஒரு இறகு, ஒரு ஜன்னல். பின்னணி முழுக்கக் கரைந்திருக்கும். எந்த ஊர் ஜன்னல், யார் வீட்டுக்காரர், பார்க்கிறவன் எங்கே நிற்கிறான் என்று ஒன்றும் தெரியாது. துல்லியத்தைக் கண்டு மயங்குகிறோம். துல்லியம் தனித்து நின்றால் அலங்காரமே. ஒரு பொருளைச் சூழலிலிருந்து பிய்த்து எடுத்துவிட்டால் அது எதையும் குறிக்கத் தயாராகிவிடுகிறது. எதையும் குறிக்கக்கூடியது எதையும் சொல்வதில்லை.

என்னிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கிறது. படத்தின் கீழே உள்ள பறவையின் பெயரை மறைத்துவிட்டு, மூன்று கேள்விகள் கேட்கிறேன்: இது எந்த நிலம்? இந்தப் பிராணி என்ன செய்துகொண்டிருக்கிறது? படம் எடுத்தவன் அங்கே இருந்ததால் அது அப்படிச் செய்கிறதா, அவனைப் பொருட்படுத்தாமல் செய்கிறதா? மூன்றுக்கும் பதில் சொல்லும் படங்கள் மிகக் குறைவு. அவற்றில் பறவை சிறியதாக, பல சமயம் ஓரத்தில் இருக்கிறது. நம் பக்கம் திரும்புவதே இல்லை. சேற்றில் எதையோ தேடிக்கொண்டிருக்கிறது. பரிசு வாங்கும் படங்கள் அல்ல இவை. ஆனால் ஆள்காட்டி கத்தாமல் முட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும் படத்தை எடுக்க, அது கத்தாத தூரம் எது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தூரத்தைத் தெரிந்துகொள்வதையே பார்க்கக் கற்றுக்கொள்வது என்று நான் சொல்வேன். லென்ஸ் அதற்குப் பிறகு வரும் விஷயம்.