தடியால் அடித்தால் தாங்குமா?

கத்திகளைச் சோதித்துப் பார்க்கும் வெளிநாட்டு வீடியோக்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பொழுது போகாத ஞாயிற்றுக்கிழமைக்கு நல்ல மருந்து. தாடி வைத்த ஒருவர் காட்டுக்குள் நிற்கிறார். ஒரு மரக்கட்டையை நிமிர்த்தி வைத்து, அதன் தலையில் கத்தியைப் பதித்து, கத்தியின் முதுகில் ஒரு தடியால் ஓங்கி ஓங்கி அடிக்கிறார். கட்டை பிளக்கிறது. திருப்தி வரவில்லை. கத்தியை மரத்தில் குத்தி இறக்கிப் பக்கவாட்டில் நெம்புகிறார். அதன் மேல் ஏறி நிற்கிறவர்களும் உண்டு. கடைசியில் கத்தி 'டொக்'கென்று உடைகிறது. 'பார்த்தீர்களா, மட்டமான சரக்கு!' என்று தீர்ப்பு.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். கோடாலி என்று ஒரு சாமான் இருப்பதை இவரிடம் யாருமே சொல்லவில்லையா?

இந்த அடி உதையை அதிகம் வாங்குகிற கத்திகளில் ஒன்று, ஸ்வீடனின் மோரா. மடக்குக் கத்தி இல்லை. அலகும் பிடியும் அசையாமல் ஒன்றாக நிற்கும். உறையில் செருகி இடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டியது. இந்த ஜாதியில் நூறு, இருநூறு டாலர் கத்திகள் சர்வசாதாரணம். மோராவின் 'கம்பானியன்' மாடல் அமெரிக்காவில் பதினைந்து, இருபது டாலர். இரண்டு பேர் ஒரு சுமாரான ஓட்டலில் மதியச் சாப்பாடு சாப்பிட்டால் ஆகிற செலவைவிடக் குறைவு. விலை இவ்வளவு குறைவாக இருப்பதே இதன் மேல் சந்தேகத்தைக் கிளப்புகிறது. சீப்பாக இருந்தால் சீக்கிரம் போய்விடும் என்பது நம் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறிய கணக்கு.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் சரிபார்க்கலாம். (பி.காம். படித்தவனுக்கு வேறென்ன வேலை?)

மோரா என்பது ஓர் ஊர். ஸ்வீடனில் டாலர்னா என்ற மாகாணத்தில், சில்யான் ஏரிக்கரையில் இருக்கிறது. வருஷாவருஷம் தொண்ணூறு கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டம் ஒன்று முடிகிற இடமும் இதுதான். ஸ்வீடனின் அடையாளமாக ஒரு சிவப்பு மரக்குதிரை பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். அது பிறப்பதும் இந்த வட்டாரத்தில், கத்தியால் செதுக்கித்தான். சுற்றிலும் காடு. கத்தி செய்வது இங்கே பல நூற்றாண்டுப் பழக்கம். 1891ல் ஃப்ராஸ்ட் எரிக் எர்சன் என்பவர் அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, மரம் இழுக்கும் பனிவண்டிகள் செய்ய ஒரு பட்டறை போட்டார். அதற்கு வேண்டிய கருவிகளோடு கத்தியும் செய்தார்கள். வண்டி போய்விட்டது, கத்தி நின்றது. 1912ல் எரிக்சன் என்று இன்னொருவர் பக்கத்திலேயே கடை விரித்தார். இரண்டு கம்பெனியும் பல வருஷம் எதிரும் புதிருமாக இருந்து, 2005ல் ஒன்றாகின. இன்றைய மோராக்னிவ் அதன் வாரிசு.

இந்தக் கத்திக்கு முதல் வாடிக்கையாளர்கள் சாகச வீரர்கள் இல்லை. தச்சர், எலெக்ட்ரீஷியன், மீன்பிடிக்கிறவர், கட்டட வேலை பார்க்கிறவர். ஸ்வீடனில் தொழிலாளர்கள் போடும் முழுக்கால் சட்டையில், தொடைப் பக்கம் ஒரு பொத்தான் தைத்திருக்கும். கத்தி உறையில் அதற்கென்றே ஒரு ஓட்டை. மாட்டினால் தொங்கும். ஒரு நாட்டின் தையல்காரர்கள் ஒரு கத்திக்காகப் பொத்தான் வைக்கிறார்கள் என்றால் அது எப்பேர்ப்பட்ட அன்றாடச் சாமான் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, இருபது டாலரில் எப்படிக் கட்டுப்படியாகிறது?

எங்கே செலவு செய்வது, எங்கே கையை இறுக்குவது என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். எஃகுச் சுருளிலிருந்து அலகை அச்சடித்து எடுக்கிறார்கள். பிடி பிளாஸ்டிக்கும் ரப்பரும். அலகின் மேலேயே வார்த்துவிடுகிறார்கள், ஆணி கிடையாது, திருகு கிடையாது. உறையும் பிளாஸ்டிக். பளபளப்பு, பொறிப்பு, அழகான டப்பா எதுவும் இல்லை. காசு போகிற இடம் இரண்டே இரண்டு. ஒன்று எஃகும் அதைக் காய்ச்சி ஆற்றுகிற பக்குவமும். இரண்டு, தீட்டுகிற கோணம்.

எவர்சில்வர் மாடலில் போடும் எஃகுக்கு 12சி27 என்று பெயர். கார்பன் சுமார் 0.6 சதவீதம், குரோமியம் 13.5. வயதான எஃகு, கத்தி உலகத்தில் இதைவிட ஆடம்பரமான பெயர்கள் நிறைய வந்துவிட்டன. ஆனால் மணிகள் மிக நுண்மையாக இருப்பதால் கூர் நன்றாக ஏறும், சாதாரணக் கல்லிலேயே ஏறும். ராக்வெல் என்ற அளவையில் கடினம் 56லிருந்து 58. துருப்பிடிக்கிற கார்பன் எஃகு மாடல் இன்னும் கொஞ்சம் கடினம், 58லிருந்து 60. கடினம் ஏற ஏறக் கூர் நிற்கும், ஆனால் விளிம்பு பொரிந்து உதிரும். இறங்க இறங்க வளையும், ஆனால் உதிராது. இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தைப் பிடித்துத் தினம் ஆயிரக்கணக்கான அலகுகளில் அதையே கொண்டுவருவதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். பல மலிவுக் கத்திகள் கோட்டை விடுகிற இடமும் இதுதான். அதே எஃகின் பெயரை அலகில் அடித்திருப்பார்கள். பக்குவத்தை அடிக்க முடியாதே?

கோணம் இன்னும் சுவாரஸ்யம். நம் வீட்டுக் கத்தியில் அலகு சரிந்து வந்து, கடைசி நூலிழையில் இன்னொரு சின்னச் சரிவு இருக்கும். மோராவில் அந்தக் கடைசிச் சரிவு கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக, அகலமான ஒரே சரிவு, நேரே கூரில் போய் முடியும். ஸ்காண்டிநேவியாவின் பழைய முறை. தீட்டும்போது அந்த அகலச் சரிவைக் கல்லில் படுக்க வைத்தால் போதும், கோணம் தானாக அமைந்துவிடும். சாணை பிடிக்கிறவருக்குப் பல வருஷம் ஆகும் கைப்பழக்கத்தை கத்தியே பாதி செய்துகொடுக்கிறது. என்னிடம் ஒன்று இருக்கிறது. சமையலறையில் அதற்கு இடமில்லை என்று மேலிடத்து உத்தரவு. பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க, செடிக்குக் குச்சி சீவ என்று வைத்திருக்கிறேன். எனக்கே தீட்ட வருகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவ்வளவு மெல்லிய கூருக்கு ஒரு விலை உண்டு. எலும்பு, காய்ந்த முடிச்சு, உறைந்துபோன மரம் இவற்றில் மோதினால் விளிம்பு மடங்கும், சில சமயம் துளி உதிரும். இது இந்த அமைப்போடு பிறந்த குணம்.

இப்போது தடியடிக்கு வருவோம்.

அடிக்கிறவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். நாள் முழுக்க மழை பெய்து, கிடக்கிற கட்டையெல்லாம் நனைந்திருந்தால், காய்ந்த மரம் கட்டையின் உள்ளேதான் இருக்கும். பிளந்தால்தான் கிடைக்கும். குளிர்நாட்டில் தீ மூட்ட முடியாத ராத்திரி விளையாட்டில்லை, உயிர் போகும். கையில் கோடாலி இல்லையென்றால் கத்தியை வைத்துத் தடியால் தட்டத்தான் வேண்டும். வட கனடாக் காடுகளில் பிழைக்கும் வித்தையைச் சொல்லிக்கொடுத்த மோர்ஸ் கோசான்ஸ்கி, 2019ல் காலமானவர், மோரா மாதிரியான சின்னக் கத்தியையும் தடியையும் வைத்தே மாணவர்களுக்கு அத்தனை வேலையும் கற்றுத்தந்தார். அவர் வழி நிதானமான வழி. மணிக்கட்டுப் பருமன் கட்டை, நேரான நரம்பு, முடிச்சு இல்லாத இடம். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. வீடியோக்காரர் தொடைப் பருமன் கட்டையை நடுவில் பிளக்கிறார். அரிவாள்மனையில் தேங்காய் உடைக்கப் பார்த்துவிட்டு அரிவாள்மனை சரியில்லை என்பது மாதிரி.

கம்பானியன் உடையும்போது எங்கே உடையும்? அநேகமாக அலகு பிடிக்குள் நுழைகிற இடத்தில். அலகின் வால் பிடியின் கடைசி வரைக்கும் போவதில்லை, குறுகலாகிப் பாதி தூரத்துக்கு மேல் போய் நின்றுவிடுகிறது. 'முழு வால் இல்லாத கத்தி கத்தியே இல்லை' என்று ஒரு கட்சி இருக்கிறது. வெட்டுவதற்கும் சீவுவதற்கும் இந்த வால் தாராளம். நெம்புவதற்குத்தான் போதாது. முழு வால் கத்திகளில் பலவற்றில் பிடியின் இரண்டு பக்கமும் இரும்பு வெளியே தெரியும். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரியில் அந்த இரும்பை வெறுங்கையால் பிடித்துப் பாருங்கள், டாலர்னாக்காரர்கள் ஏன் இரும்பை மரத்துக்குள் ஒளித்தார்கள் என்று புரியும்.

தடிமனிலும் இதே கதை. சாதாரண கம்பானியன், எவர்சில்வரில் இரண்டரை மில்லிமீட்டர். ஹெவி டியூட்டி என்ற அண்ணன் 3.2. வித்தியாசம் கால் பங்கு சொச்சம்தானே என்று தோன்றும். ஆனால் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. கால்குலேட்டரில் போட்டேன், இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. அடி தாங்குவதில் இது பெரிய லாபம். நஷ்டம் எங்கே? ஒரு ஆப்பிளை நறுக்கிப் பாருங்கள். மெல்லியது நறுக்கும். தடியன் பிளப்பான். மரம் சீவும்போது கை சீக்கிரம் வலிக்கும். கத்தியை எடுத்த நூறு தடவையில் எத்தனை தடவை நெம்பப்போகிறீர்கள், எத்தனை தடவை நறுக்கப்போகிறீர்கள்?

இந்த அடிதடி விமர்சனங்களின் மேல் என் பெரிய வருத்தம், அவை கத்தியையே மாற்றிவிட்டன என்பது. 'முழு வால் வேண்டும், முழு வால் வேண்டும்' என்று சந்தை கேட்டுக்கொண்டே இருக்க, 2016ல் மோராக்காரர்களும் கார்பெர்க் என்று ஒன்றை இறக்கினார்கள். 3.2 மில்லிமீட்டர், பிடியின் கோடி வரை வால். நல்ல கத்தி, குறை சொல்ல மனசு வராது. விலை கம்பானியனைப் போல நாலைந்து மடங்கு. அந்த உபரிக் காசில் பெரும்பங்கு பயத்துக்குக் கொடுக்கிற பிரீமியம். அந்தப் பணத்தில் கம்பானியன் இரண்டும் ஒரு சின்னக் கோடாலியும் வாங்கலாம். ஒன்று தொலைந்தாலும் ஒன்று இருக்கும். இதைவிட நல்ல இன்ஷூரன்ஸ் எனக்குத் தெரியவில்லை.

மலிவுக் கத்தி எல்லாமே இப்படியா என்றால், இல்லவே இல்லை. 1982ல் 'ஃபர்ஸ்ட் பிளட்' படம் வந்தது. ராம்போ. ஸ்டாலோன் கையில் இருந்ததைச் செய்தவர் ஜிம்மி லைல், அர்கன்சாஸ்காரர், கைதேர்ந்த கலைஞர். பிடி குழாய் மாதிரி உள்ளே காலி. நூல், ஊசி, தீக்குச்சி வைத்துக்கொள்ளலாம். மூடியில் திசைகாட்டி. அவர் செய்தது உறுதியானது. ஆனால் அதைப் பார்த்துப் புற்றீசல் மாதிரி நகல்கள் கிளம்பின. பிடி காலியாக இருந்தால் வால் எங்கே போகும்? ஒரு சின்ன முளையும் ஒரு நட்டும்தான் மொத்த அலகையும் பிடித்துக்கொண்டிருக்கும். முதுகில் இருக்கிற ரம்பப் பல் எதையும் அறுக்காது. திசைகாட்டி அதன் இஷ்டத்துக்கு ஒரு வடக்கு காட்டும். இவையும் மலிவு, மோராவும் மலிவு. ஒன்று காசை அலகில் போட்டது, இன்னொன்று அலங்காரத்தில் போட்டது. விலைச்சீட்டை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

மோராவிலும் எனக்குப் பிடிக்காதது உண்டு. உறை. பத்திரமாகப் பிடித்துக்கொள்கிறது, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் பெல்ட்டில் மாட்டுகிற கொக்கி வெறும் பிளாஸ்டிக் நாக்கு. புதரில் உரசி நடந்தால் நழுவ வாய்ப்பு அதிகம். இவ்வளவு யோசித்தவர்கள் இதையும் யோசித்திருக்கலாம். இன்னொன்று, சாதாரண கம்பானியனின் முதுகு விளிம்பு தீப்பொறிக் கம்பியை உரசும் அளவுக்குச் சதுரமாக இல்லை. காட்டுக்கத்தி என்று விற்கிறீர்கள், தீ மூட்ட உதவ வேண்டாமா?

எத்தனை நாள் வரும் என்று கேட்டால், பி.காமில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. சொத்தின் விலையை ஆயுள் வருஷத்தால் வகுத்து எழுதுவோம். கத்திக்கு அது பொருந்தாது. வருஷத்தால் தேயாது, கல்லால் தேயும். தீட்டத் தீட்ட அலகு அகலம் குறுகிக்கொண்டே வரும். ஒழுங்காக நடத்தப்பட்ட கத்தி கடைசியில் ஊசி மாதிரி மெலிந்துதான் ஓய்வு பெறும். உடைந்து சாவது விபத்து, மெலிந்து சாவதே அதற்கு இயற்கை மரணம்.

வாங்குவதாக இருந்தால் கடலோர ஊர்க்காரர்கள் எவர்சில்வரே வாங்குங்கள். கார்பன் எஃகில் கூர் ஏறுவது ஒரு சுகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எலுமிச்சை நறுக்கி அப்படியே வைத்தால் கறுத்துப்போகும். ஈரத்தோடு உறையில் போட்டால் காலையில் துரு உங்களை வரவேற்கும். எதுவானாலும் துடைத்து வையுங்கள். ஸ்வீடனிலேயே 1988 சட்டப்படி வேலைக்கோ நியாயமான காரணத்துக்கோ தவிர பொது இடத்தில் கத்தியோடு திரியக்கூடாது, அதனால் இடுப்பில் மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிற உத்தேசம் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து நண்பர் வாங்கி வருகிறார் என்றால், செக்-இன் பெட்டியில் போடச் சொல்லுங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தோடு சரி.