புதிய செட்டிங்கை எப்படி ரசிப்பது?

பெரிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் நிரலைப் படிக்க ஆசை, ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா? புதிதாக ஒரு செட்டிங் சேர்க்கும் பேட்ச்சை எடுத்துப் படியுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் அதற்கு அருமையான இடம். செட்டிங்குக்கான வேலை சின்னதுதான்: ஒரு வேரியபிள், செட்டிங் பட்டியலில் ஒரு பதிவு, மாதிரி கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி, கையேட்டில் ஒரு பத்தி. நான் கையேட்டைத்தான் முதலில் படிப்பேன். எப்போது கூட்டலாம், எப்போது குறைக்கலாம் என்று அங்கே விளக்க முடியாவிட்டால், அந்த செட்டிங்கை யாராலும் சரியாகப் பயன்படுத்த முடியாது.

அடுத்து டீஃபால்ட். இதில் கொஞ்சம் நிதானியுங்கள், ஏனென்றால் பெரும்பாலோர் அதைத் தொடவே மாட்டார்கள். 'ஒர்க் மெம்' பதிவில் 4096, 64 என்று இரண்டு எண்கள் அடுத்தடுத்து நிற்கும். கணக்கு கிலோபைட்டில். டீஃபால்ட் 4 எம்பி, அதற்குப் பக்கத்தில் இருப்பது குறைந்தபட்ச அளவு. தரவை வரிசைப்படுத்தும்போது, டிஸ்க்குக்குப் போவதற்கு முன் இவ்வளவு மெமரி எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள். 2014-இல் 9.4 பதிப்பு வரும்வரை இந்த டீஃபால்ட் வெறும் 1 எம்பி. ஏன் இத்தனை கஞ்சத்தனம்? ஒரே குவெரிக்குள் இப்படிப் பல வேலைகள் நடக்கலாம். ஒவ்வொன்றுக்கும் இந்த அளவு தனித்தனி. நூறு பேர் ஒரே நேரத்தில் இணைந்திருந்தால் பெருக்கிப் பாருங்கள்.

யார், எப்போது மாற்றலாம் என்பதும் பதிவிலேயே இருக்கிறது. ஒர்க் மெம்மை எந்தப் பயனரும் தன் செஷனில் மாற்றலாம். எல்லா இணைப்புகளும் பகிரும் மெமரியின் அளவைச் சொல்லும் 'ஷேர்டு பஃபர்ஸ்' அப்படியில்லை. அந்த மெமரி சர்வர் கிளம்பும்போதே ஒதுக்கப்படுவதால் ரீஸ்டார்ட் செய்தே ஆகவேண்டும்.

தவறிப்போனவற்றையும் படியுங்கள், அவைதான் அதிகம் கற்றுத்தருகின்றன. 2002-இல் 7.3 பதிப்பு, ஒவ்வொரு எஸ்க்யூஎல் வரியின் மாற்றத்தையும் தானாகவே உறுதிசெய்யும் 'ஆட்டோகமிட்' செட்டிங்கை சர்வரிலேயே கொண்டுவந்தது. அதை அணைத்தால், அதே எஸ்க்யூஎல் வரிக்கு வேறு விளைவு. இணைகிற ஒவ்வொரு கருவியும் இரண்டு நிலைக்கும் தயாராக இருக்கவேண்டிய கட்டாயம். அடுத்த பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'மேக்ஸ் எஃப்எஸ்எம் பேஜஸ்' போன விதம். காலி இடமுள்ள எத்தனை பக்கங்களை நினைவில் வைக்கவேண்டும் என்று முன்பெல்லாம் நிர்வாகிதான் கணித்துச் சொல்லவேண்டும். குறைத்துச் சொன்னால் டேபிள் வீங்கும். 2009-இல் வந்த 8.4, அந்தக் கணக்கை ஒவ்வொரு டேபிளோடும் டிஸ்க்கிலேயே வைத்துக்கொண்டது. நிர்வாகியிடம் கேட்க எதுவும் மிச்சமில்லாததால் செட்டிங்கும் போய்விட்டது.